சொத்து வரி நோட்டீஸில் வீட்டின் பரப்பு கூடுதலாக வந்திருக்கிறது: யாரிடம், எப்படிக் கேட்பது?

மலைச்சரிவு:

நீலகிரியில் ஒரு நகராட்சி, ஊர்ப் பெயர் வேண்டாம். அனுமதி வாங்கிக் கட்டிய குடியிருப்பு வீடு, ஒரே தளம், தகரக் கூரை. வரைபடத்தில் வெளிச்சுவர் அளவு 40 அடிக்கு 28 அடி. அதாவது 1,120 சதுர அடி. இப்போது வந்த நோட்டீஸில் 1,333 சதுர அடி என்று போட்டிருக்கிறார்கள். புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. போதாததற்கு, ரசீது கையில் இருக்கிற ஒரு அரையாண்டு "நிலுவை" என்று வந்திருக்கிறது.

தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கவுன்சிலரிடம் சொன்னால் வரியைக் குறைத்துத் தருவார் என்கிறார் ஒருவர். ரோட்டைத் தாண்டினால் வேறு உள்ளாட்சி, அங்கே பாதி வரிகூட இல்லை, நம்மை மட்டும் ஏன் இப்படி என்கிறார் இன்னொருவர். வரியே கட்டாமல் நிறுத்தி வைப்போம் என்கிற பேச்சும் இருக்கிறது. ஏனென்றால் வார்டில் தடுப்புச் சுவர் சரிந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

முறையாக என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கேட்புப்பதிவேடு:

முதலில் எதை எதிர்க்கலாம், எதை எதிர்த்துப் பயனில்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பலர் இங்கேதான் வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

வரி விகிதம் உங்கள் நகராட்சி தனியாகத் தீர்மானித்தது அல்ல. 15வது நிதிக்குழு, 2021-26 காலத்துக்கான நகர்ப்புற மானியத்தைப் பெற சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் உயர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2018இல் உயர்த்தி, 2019இல் நிறுத்தி வைத்த வரியை 2022 ஏப்ரலில் மறுபடி உயர்த்தியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சென்னை தவிர்த்த ஊர்களில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீத உயர்வு. வணிகக் கட்டடத்துக்கு 100, தொழிற்சாலைக்கு 75. இது போக ஆண்டுதோறும் 6 சதவீதம், அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இரண்டில் எது அதிகமோ அது. இதைக் குறைக்கச் சொல்லி ஆணையாளரிடம் மனு கொடுத்தால் "அரசாணைப்படி" என்று ஒரு வரியில் பதில் வரும். அவரால் வேறு எதுவும் எழுத முடியாது.

உங்கள் வழக்கு அளவைப் பற்றியது. அது முழுக்க நகராட்சி அலுவலகத்திலேயே திருத்தக்கூடியது.

1,333 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 40ஐயும் 28ஐயும் மூன்று மூன்று அடி கூட்டினால் 43, 31. பெருக்கினால் 1,333. நான்கு பக்கமும் ஒன்றரை அடி கூரை இறக்கம். மலையில் சாரல் சுவரில் அடிக்காமல் இருக்கக் கூரையை வெளியே நீட்டித்தான் போடுவோம். மேலிருந்து எடுத்த படத்தை வைத்தோ, கூரை விளிம்புக்குக் கீழே டேப் பிடித்தோ அளந்தால் இப்படித்தான் வரும். வரிக்கு எடுக்க வேண்டியது வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் உள்ள அடிப்பரப்பு.

இந்த 213 சதுர அடி இரண்டு இடத்தில் அடிக்கிறது. பழைய வரி அரையாண்டுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,120 சதுர அடி என்றால் 50 சதவீதம் கூடி 1,500. அளவை 1,333 ஆக்கினால் அடிப்படை வரியே விகிதப்படி 1,190 ஆகிவிடும், அடுக்கும் மாறி 75 சதவீதம் கூடும். 2,083 ரூபாய். அதன் மேல் 6 சதவீதம் ஏறும்போது ஒன்று 1,590, மற்றது 2,208. அரையாண்டுக்கு 618 ரூபாய் வித்தியாசம். ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏறுவதால் இந்த வித்தியாசமும் கூடிக்கொண்டே போகும். 1,200ஐ ஒட்டி அந்தப் பக்கம் தள்ளப்பட்ட எல்லா வீட்டுக்கும் இதே கதைதான். தெருவில் இன்னும் யாருக்கெல்லாம் 1,200க்குச் சற்று மேலே வந்திருக்கிறது என்று விசாரியுங்கள்.


படிக்கட்டுத்தெரு:

மேலே சொன்னது சரி. மனு எழுதும் முறையை நான் சொல்கிறேன்.

ஆணையாளருக்கு எழுதுங்கள். பொருள்: "சொத்து வரி சீராய்வு - கட்டடப் பரப்பளவுத் திருத்தம்". வரிவிதிப்பு எண் பழையது, புதியது இரண்டையும் போடுங்கள். நோட்டீஸ் எண், தேதி, அது உங்கள் கைக்கு வந்த தேதி, மூன்றும் வேண்டும். ஆட்சேபத்துக்கான கெடு நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கும். கைக்கு வந்த தேதிக்கு ஆதாரமாகத் தபால் உறையைப் பத்திரப்படுத்துங்கள். கெடு தாண்டிவிட்டால் அளவு தவறு என்று தெரிந்தும் "காலங்கடந்த மனு" என்று ஓரங்கட்ட வழி கிடைத்துவிடும்.

இணைக்க வேண்டியவை: அனுமதி வரைபட நகல், அனுமதி எண் உள்ள பக்கம், கடைசியாகக் கட்டிய ரசீது, மின் இணைப்பு அட்டை நகல், கையால் வரைந்த ஒரு அளவு வரைபடம். அந்தக் கைப்படம் முக்கியம். வெளிச்சுவரை முழுக்கோட்டிலும் கூரை விளிம்பைப் புள்ளிக்கோட்டிலும் வரைந்து இரண்டு அளவையும் எழுதுங்கள். படத்தைப் பார்த்ததுமே வருவாய் ஆய்வாளருக்குத் தவறு எங்கே என்று புரியும். ஒரு பக்க விளக்கத்தைவிட அது வேகமாக வேலை செய்யும். சுவர் மூலையில் டேப் பிடித்த போட்டோ இரண்டு.

மனுவின் கடைசியில் மூன்று கோரிக்கை தனித்தனியாக இருக்கட்டும்: நேரில் மறு அளவீடு, அளவீட்டின்போது உரிமையாளருக்கு முன்தகவல், வரிவிதிப்புப் பதிவேட்டில் உங்கள் சொத்துக்கான பக்கத்தின் நகல். பதிவேட்டில் "எந்த அரையாண்டு முதல்" என்றொரு கட்டம் உண்டு. புதிய அளவைப் பழைய தேதியிலிருந்து அமலாக்கியிருந்தால் அதனாலேயே நிலுவை முளைக்கும். ரசீது இருந்தும் உங்களுக்கு நிலுவை காட்டுவதற்கு அது காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம், பழைய எண்ணில் கட்டிய பணம் புதிய எண்ணுக்கு வரவு ஏறாமல் நிற்பது. எது என்று பதிவேடு நகல் வந்தால் தெரிந்துவிடும்.

மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் எண்ணும் வாங்குங்கள். வாய்மொழியாக "பார்க்கிறோம்" என்றால் அது மனுவே அல்ல. முத்திரை கொடுக்க மறுத்தால் விநியோகச் சான்றோடு ஸ்பீடு போஸ்ட்.

அளக்க வரும் நாளில் எதெல்லாம் சிக்கலாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரிவில் கட்டிய வீட்டில் கீழே தூண்களுக்கு நடுவே இருக்கும் காலியிடம். அது திறந்த வெளியாக, மண்ணும் தூணுமாக இருந்தால் பிரச்சினை இல்லை. சுவர் எழுப்பிக் கதவு வைத்து அறையாக்கியிருந்தால் அது பரப்பில் சேரும். தடுப்புச் சுவர், திறந்த படிக்கட்டு, முற்றம் இவை கட்டடப் பரப்பு அல்ல. விறகுக் கொட்டகையை நான்கு பக்கமும் தகரம் அடைத்து ஸ்டோர் ரூம் ஆக்கியிருந்தால் கேள்வி வரும். வீட்டின் ஒரு பகுதியைக் கடைக்கோ ஹோம்ஸ்டேக்கோ விட்டிருந்தால் அந்தப் பகுதி வணிகமாக மாறும். மின் இணைப்பு வீட்டுக்கான 1ஏ விகிதத்தில் இருப்பதை மட்டும் காட்டி இதை மறுக்க முடியாது, உண்மையான பயன்பாட்டைத்தான் பார்ப்பார்கள். ஆனால் முழு வீட்டையும் வணிகம் என்று போட்டிருந்தால், எவ்வளவு பகுதி எதற்கு என்று அளவோடு பிரித்துக் கேளுங்கள்.

வரைபடத்தில் இல்லாத கூடுதல் கட்டுமானம் இருக்கிறதா என்று மனுப் போடும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். இங்கே மலைப்பகுதிக்கென்று தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன, உயரத்துக்கும் வரம்பு உண்டு. வரி ரசீது அனுமதி ஆகாது. அனுமதியில்லாத பகுதிக்கும் வரி போடுவார்கள், வரி கட்டிவிட்டோம் என்பதால் அது முறையாகிவிடாது. மறு அளவீட்டுக்கு வந்தவர் அதைக் குறித்துக்கொண்டு போனால் கோப்பு நகரமைப்புப் பிரிவுக்கு நகரும். உங்கள் வீட்டுக்கு இது பொருந்தாது என்று தெரிகிறது. இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.


தேயிலைமேடு:

எல்லை தாண்டினால் வரி குறைவு என்பது பற்றி மட்டும். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் போன்ற நகராட்சிகள் இருக்கின்றன. இவற்றை ஒட்டியே கேத்தி, ஜெகதளா, உலிக்கல் மாதிரி பேரூராட்சிகளும், கிராம ஊராட்சிகளும், வெலிங்டன் கண்டோன்மென்டும் கிடக்கின்றன. கண்டோன்மென்ட் மத்தியச் சட்டத்தில் இயங்குவது, அதன் வரிக்கும் இங்குள்ள அரசாணைக்கும் தொடர்பே இல்லை. கிராம ஊராட்சியில் வீட்டு வரி ஆண்டுக்கு ஒன்று, நகராட்சியில் அரையாண்டுக்கு ஒன்று. அவர்களுடைய ஒரு ரசீதையும் நம்முடைய ஒரு ரசீதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம். அந்த வாதத்தை மனுவில் சேர்க்காதீர்கள், நல்ல மனு பலவீனமாகிவிடும். ஒப்பிட வேண்டுமென்றால் உங்கள் தெருவிலேயே, அதே மண்டலத்தில், அதே வயதுள்ள, அதே வகைக் கூரை போட்ட வீட்டோடு ஒப்பிடுங்கள்.


மலைச்சரிவு:

மிக்க நன்றி. கூரை இறக்கக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். மனு முடியும் வரை வரியைக் கட்டலாமா, நிறுத்தி வைக்கலாமா? மனு தள்ளுபடியானால் அடுத்து எங்கே?


கேட்புப்பதிவேடு:

கட்டிவிடுங்கள் சார். மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காகக் கேட்பு, அதாவது கட்டச் சொல்லும் வரித்தொகை, நிற்காது, தாமதத்துக்கு வட்டி ஓடும். ஏப்ரல் மாதத்துக்குள் முதல் அரையாண்டும், அக்டோபருக்குள் இரண்டாம் அரையாண்டும் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். நிறுத்தி வைத்தால் அதையும் இழப்பீர்கள். மனுவிலேயே "ஆட்சேபத்துக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன், திருத்தத்துக்குப் பின் மிகுதியை அடுத்த அரையாண்டுகளில் ஈடு செய்யக் கோருகிறேன்" என்று எழுதிவிடுங்கள். திரும்பப் பணமாக வாங்குவது நீண்ட வேலை. ஈடு செய்வது எளிது.

ஆன்லைனில் கட்டினால் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான அரசு இணையதளத்தில் கட்டுங்கள். கட்டியதும் ரசீதை இறக்கிவைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து அதே எண்ணில் நிலுவை பூஜ்யம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். வங்கியில் பணம் போய் ரசீது வராமல் நின்றால் உடனே மறுபடி கட்டாதீர்கள், பரிவர்த்தனை எண்ணோடு வருவாய்ப் பிரிவில் எழுதிக் கொடுங்கள்.

ஆணையாளர் தள்ளுபடி செய்தால், காரணத்தோடு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். அது இல்லாமல் மேல்முறையீடு நகராது. நகராட்சிகளில் கவுன்சிலர்களைக் கொண்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு உண்டு. 2022இல் மன்றம் அமைந்தபோது நியமனக் குழு, ஒப்பந்தக் குழுவோடு சேர்த்து இதற்கும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் நகராட்சியில் அந்தக் குழுவில் யார் யார், கடைசியாக எப்போது கூடியது என்று தெரிந்துகொள்ளுங்கள். கவுன்சிலர் குறைத்துத் தருவார் என்ற பேச்சுக்கும் இதுவே பதில். தனியாக ஒரு கவுன்சிலருக்கு வரியில் ஒரு ரூபாய் குறைக்கவும் அதிகாரம் கிடையாது. சொல்லிக் குறைத்ததாக யாராவது காட்டினால் அது பதிவேட்டில் ஏறாத குறைப்பு. பின்னாளில் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் "குறைவாக வரி விதிப்பு" என்று பிடித்து மொத்தமாக நிலுவை போடுவார்கள்.


ஊற்றுக்கண்:

கட்டிய வரிக்குக் கணக்கு எப்படிக் கேட்பது என்ற பகுதிக்கு யாரும் வரவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. வரி விகிதம் கோட்டையில் முடிவாகிறது, ஆனால் அந்தப் பணத்தில் எந்தச் சுவரை முதலில் கட்டுவது என்பது உங்கள் நகர்மன்றத்தில் முடிவாகிறது. அங்கேதான் நம் சத்தம் கேட்க வேண்டும்.

நகராட்சிக் கணக்கு ஒரே பெட்டி அல்ல. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று. "வரி வாங்கியும் தண்ணீர் வரவில்லை" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். எந்த நிதியில், எந்தத் தலைப்பில் என்று கேட்டால் எண்ணோடு வரும். நீங்கள் கட்டும் தொகையில் நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் சேர்ந்திருக்கும். அது நகராட்சி செலவு செய்யும் பணம் அல்ல, நூலகத் துறைக்குப் போக வேண்டியது.

முதலில் வாங்க வேண்டிய தாள் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல். அலுவலகத்தில் டிசிபி என்பார்கள். சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி வரிசை இருக்கும். மலை ஊர்களில் மார்க்கெட் கடை வாடகைதான் சொத்து வரிக்கு இணையான வருமானம். ஊட்டியில் 2021இல் வாடகை நிலுவைக்காகக் கடைகளுக்குச் சீல் வைக்கும் அளவுக்குப் போனது நினைவிருக்கும். வீட்டுக்காரர் 618 ரூபாய்க்கு மனுவோடு அலையும்போது, வாடகை நிலுவை எவ்வளவு நிற்கிறது, எத்தனை ஆண்டுப் பழையது என்று தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர்களும் நம் ஊர்க்காரர்கள்தான், அவர்கள் மேல் பாய்வதற்காகச் சொல்லவில்லை. வாடகை நிர்ணயத்தில் தகராறு இருந்தால் அதையும் மன்றம் முடிக்க வேண்டும்.

தடுப்புச் சுவருக்குத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் கட்டவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள். அந்த இடத்தில் முன்பு கட்டிய சுவரின் மதிப்பீடு, ஒப்பந்த உத்தரவு, முடித்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த இறுதிப் பட்டியல். புதிய சுவருக்கு மதிப்பீடு தயாரித்திருந்தால் அதன் நகல், மன்றத்தில் வைத்த பொருள், தீர்மானம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

அளவுப் புத்தகம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போங்கள். மூன்று எண்ணைப் பாருங்கள். சுவரின் உயரம், அடி அகலம், நீர்க்கசிவுத் துளைகளின் இடைவெளி. கருங்கல் கட்டுச் சுவருக்கு அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. 3 மீட்டர் உயரமென்றால் ஒன்றரை மீட்டராவது அடியில் இருக்க வேண்டும். சரிந்து கிடக்கிற சுவரில் இதை அளப்பது சுலபம், உடைந்த பக்கம் குறுக்குவெட்டாகத் தெரியும். துளைகள் ஒன்றரை, இரண்டு மீட்டருக்கு ஒன்றாவது வேண்டும். அதற்குப் பின்னால் சல்லி நிரப்பியிருக்க வேண்டும், தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளியிருந்தால் துளை அடைத்துக்கொள்ளும். மலையில் பெரும்பாலான சுவர் கனத்தால் சரிவதில்லை. பின்னால் தேங்கிய தண்ணீர் தள்ளித்தான் சரிகிறது. வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் நவம்பரில், சுவர் மேல் ஈரம் கசியாமல் காய்ந்து நின்றால் அது நல்ல சுவர் என்று எண்ணிவிடாதீர்கள், தண்ணீர் உள்ளே நிற்கலாம்.

இந்த எண்கள் கையில் இருந்தால் கேள்வியின் தரமே மாறிவிடும். "சுவர் கட்டித் தாருங்கள்" என்பது கோரிக்கை. "புத்தகத்தில் அடி அகலம் 1.5 மீட்டர், இடத்தில் 0.9 மீட்டர்" என்பது புகார். கோரிக்கையை நிதி இல்லை என்று தள்ளிவைக்கலாம், புகாரைத் தள்ளிவைக்க முடியாது.


படிக்கட்டுத்தெரு:

ஊற்றுக்கண் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இதைக் கேட்க ஓர் இடம் சட்டப்படி இருக்கிறது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி நகராட்சிகளில் வார்டுக்கு ஒரு வார்டு குழு, கவுன்சிலர் அதற்குத் தலைவர். அதற்குக் கீழே பகுதி சபை. முதல் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று நடந்தன. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். பல இடங்களில் கூட்டம் நடந்ததாகக் கையெழுத்துப் பதிவேடு மட்டும் இருக்கும். உங்கள் வார்டு குழு உறுப்பினர்கள் யார், கடைசிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் பத்து வீட்டுக்காரர்களாகப் போய் இரண்டே விஷயத்தை வையுங்கள்: 1,200 சதுர அடியை ஒட்டிய வீடுகளுக்கு வெளிச்சுவர் அளவில் மறு அளவீடு, அந்தச் சுவர். இரண்டையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லி, எழுதிய பின் வாசிக்கச் சொல்லுங்கள்.

கவுன்சிலரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். மன்றத்தில் பொருளாக வைக்கச் சொல்லி அவரிடம் மனு கொடுங்கள், நகலை நகர்மன்றத் தலைவருக்கும் ஆணையாளருக்கும் அனுப்புங்கள். தலைவர் கவுன்சிலர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர், நேரடியாக மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்ல. அதனால் வார்டுப் பணிக்கு நிதி ஒதுக்குவதில் மன்றத்துக்குள் எத்தனை பேர் கை தூக்குகிறார்கள் என்பது முக்கியம். பக்கத்து இரண்டு வார்டுகளிலும் இதே அளவுப் பிரச்சினை இருந்தால் மூன்று கவுன்சிலர்களாகச் சேர்ந்து ஒரே பொருளாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு வார்டுக் குறையாக வந்தால் தள்ளிவைப்பார்கள், மூன்று வார்டிலிருந்து வந்தால் விவாதம் நடந்தே தீரும்.

பட்ஜெட் மார்ச்சில் மன்றத்துக்கு வரும். சுவருக்கான கோரிக்கை டிசம்பருக்குள் பொறியியல் பிரிவுக்குப் போய் மதிப்பீடு தயாராகியிருந்தால்தான் அதில் இடம் பிடிக்கும். ஏப்ரலில் போய் நின்றால் அடுத்த ஆண்டு என்பார்கள், அடுத்த மழை அதற்குள் வந்துவிடும்.


மலைச்சரிவு:

மனுவும் கைப்படமும் தயார் செய்துவிட்டேன். தெருவில் விசாரித்ததில் இன்னும் நான்கு வீடுகளுக்கு 1,200க்கு மேல் 1,300க்குள் வந்திருக்கிறது, எல்லாமே கூரை நீட்டிய வீடுகள். சேர்ந்தே கொடுக்கலாமா, தனித்தனியாகவா?


கேட்புப்பதிவேடு:

தனித்தனி மனு, ஒரே நாளில், அடுத்தடுத்த தபால் எண்ணில். வரிவிதிப்பு எண் ஒவ்வொன்றுக்கும் வேறு, ஆகவே கூட்டு மனுவுக்குத் தனி உத்தரவு போட முடியாது. ஐந்து மனுவுக்கும் சேர்த்து முகப்பில் ஒரு கடிதம் வைத்து, ஐந்து எண்களையும் பட்டியலிட்டு, ஒரே நாளில் அளக்க வரச் சொல்லுங்கள். வருவாய் ஆய்வாளருக்கும் ஒரே நடையில் வேலை முடியும், அதனால் சீக்கிரம் வருவார்.